கைச்சுவர்

பீடி இலையை முதல்நாளே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தால்தான் காலையில் வெட்டும்போது உடையாது. சாரா பீவி அந்தச் சாக்கை அவிழ்த்து, தகர அளவுத் தகட்டை இலைமேல் அழுத்திப் பிடித்து, கத்தரியால் ஓரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இலை நரம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருட்டும்போது பிரியும், கடைக்காரன் கழித்துப் போடுவான். கழித்த பீடியை அவனே விற்றுக்கொள்வான் என்பது வேறு விஷயம்.

வாசலில் யாரோ செருமினார்கள். மிஸ்கீன் பாவா தர்காவைப் பெருக்கி விளக்கேற்றும் ஷேக் தாவூது நின்றுகொண்டிருந்தார். அந்த மனுஷர் வீடு தேடி வருகிறார் என்றால் ஒன்று யாராவது மௌத்தான சேதி, இல்லையென்றால் வசூல்.

"என்னண்ணே, காலங்காத்தால?"

"மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வர்றாராம்மா. வர்ற வியாழக்கிழமை. நம்ம தர்காவப் பார்க்க."

"நேர்ச்சையா?"

"நேர்ச்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பழைய கட்டடமாம். நவாபு காலத்துது. சர்க்கார் எடுத்துப் பாதுகாக்கப் போகுதாம்."

"யார்கிட்டேர்ந்து?"

தாவூது தாடியைத் தடவினார். "அதை நான் கேக்கல," என்றார்.

சாரா கத்தரியை முறத்தில் வைத்தாள். "கைச்சுவரையும் பார்ப்பாங்களா?"

"அதைத்தான் முதல்ல பார்க்கணும்னாங்களாம். ஓவர்சியர் தம்பி சொல்லிச்சு."

அவர் போன பிறகும் அவளுக்கு இலை வெட்டக் கை ஓடவில்லை.

பாலக்கரையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தின் கடைசியில் இருந்தது அந்தத் தர்கா. சின்ன கும்பம், முன்னால் கல்மண்டபம். மண்டபத்தின் தெற்குச் சுவர் முழுக்கக் கைகள். கடல் தாண்டிப் பிழைக்கப் போகிறவன் ரயிலேறும் அன்று சந்தனத்தில் வலது கையை நனைத்து அந்தச் சுவரில் வைத்துவிட்டுப் போவான். ரங்கூனோ, பினாங்கோ, கொழும்போ, எந்த ஊரானாலும், எந்தச் சாதியானாலும் அதுதான் வழக்கம். திரும்பி வந்தால் பக்கத்தில் இடது கையை வைப்பான். ஜோடி சேர்ந்த கை அந்த வருஷமே சுண்ணாம்புக்குள் போய்விடும். அதோடு கணக்குத் தீர்ந்தது.

வராதவன் கைதான் சுவரில் நிற்கும். வருஷா வருஷம் கந்தூரித் திருவிழாவில் சந்தனக்கூடு முடிந்த காலையில் வீட்டு ஆள் யாராவது போய், மிச்சச் சந்தனத்தில் தன் கையை நனைத்து, அந்தக் கைமேல் வைத்துப் புதுப்பிக்க வேண்டும். சுண்ணாம்பு அடிக்கிறவன் கையைத் தொடாமல் சுற்றி ஒதுக்கி அடிப்பான். இனி வரமாட்டான் என்று வீடு முடிவு கட்டினால், வீட்டு ஆளே சுண்ணாம்பு மட்டையை வாங்கி அந்தக் கைமேல் சுண்ணாம்பை இழுக்க வேண்டும். அன்றைக்கே வீட்டில் இறந்தவனுக்கான பாத்திஹா ஓதுவார்கள். பெண்டாட்டி கழுத்திலிருந்து கருகமணி இறங்கும். வேறு யாரும் அந்த வேலையைச் செய்யக்கூடாது; செய்தால் உயிரோடு இருக்கிறவனைப் புதைத்த பாவம்.

சாராவின் புருஷன் நிஜாமுதீன் யுத்தத்துக்கு முன்னால் பினாங்குக்குப் போனவன். கல்யாணம் ஆகி இரண்டு வருஷ நோன்பு சேர்ந்து திறந்திருப்பார்கள், அவ்வளவுதான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற ராத்திரி ரயில். சாயங்காலம் சுவரில் கை வைத்துவிட்டு, சந்தனக் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் முழித்தான். அவள் முந்தானையை நீட்டினாள். அந்தச் சேலை இற்றுப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஜப்பான்காரன் வந்த பிறகு கடுதாசி நின்றது. சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றான் ஒருவன். ஈப்போவில் ஒரு டீக்கடையில் பார்த்தேன், மீசை நரைத்துவிட்டது என்றான் இன்னொருவன். சாரா இரண்டாவது ஆளைத்தான் நம்பினாள். நரைத்த மீசையோடு அவனை நினைத்துப் பார்க்கக்கூடப் பழகிவிட்டாள்.

அதே வீட்டிலிருக்கும் அவள் கொழுந்தன் தாஜுதீனுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. நல்ல மனுஷன்தான். ஆனால் கந்தூரி முடிந்ததும் வருஷா வருஷம் ஒரே பேச்சு. "அண்ணி, அண்ணன் ரூஹு சாந்தியில்லாம அலையுது. சுண்ணாம்பை இழுத்துட்டு ஒரு பாத்திஹா ஓதிருவோம்."

"உங்க அண்ணன் அலையலாம். ரூஹு அலையுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்பாள் சாரா. அதோடு அந்த வருஷம் முடியும்.

ஆபீசர் வருவதற்கு முந்தின நாள் சுவரில் கை இருக்கும் வீட்டுக்காரர்கள் மண்டபத்தில் கூடினார்கள். பெரும்பாலும் பெண்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பவுனம்மாளும் வந்திருந்தாள். மொட்டையாக நிற்கும் ராயகோபுரத்து வாசலில் பூக் கட்டி விற்கிறவள். அவள் மகன் அழகிரி ரங்கூனுக்குப் போனவன். அங்கிருந்து ஜனங்கள் காடு மலை நடந்து திரும்பினார்களே, அந்தக் கூட்டத்தில் அவன் வரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பூக்கூடையைத் தாவூதிடம் கொடுத்து, "பாவாவுக்கு ரெண்டு முழம் எடுத்துக்க பாய். மிச்சத்துல கை வச்சே, ரெங்கநாதர் கேப்பாரு," என்றாள்.

சாரா சுவரைக் காட்டினாள். "கந்தூரி முடிஞ்சு ஆறேழு மாசம் ஆச்சு. சந்தனம் உதிர்ந்து, புகை ஏறி, கரித்துணி மாதிரி கிடக்கு. பெரிய மனுஷன் வந்து பார்த்தா என்ன நினைப்பாரு? கேக்க நாதியில்லாத சுவருன்னுதானே? இன்னிக்கே எல்லாரும் கையைப் புதுப்பிச்சிருவோம்."

"சந்தனக்கூடு இல்லாத நாள்ல கை வைக்கிறது வழக்கமில்லம்மா," என்றார் தாவூது.

"பொண்ணு பார்க்க வர்றாங்கண்ணே. எண்ணெய் வடிஞ்ச மூஞ்சியோடயா நிக்க வைக்கிறது?"

"அவ சொல்றதுல தப்பில்ல பாய்," என்றாள் பவுனம்மாள். "எங்க கோயில்ல ஒரு மந்திரி வர்றார்னா போதும், தேரோடாத வீதிக்கெல்லாம் தண்ணி தெளிப்பான். நாம நம்ம வீட்டு ஆளுக்கு மூஞ்சி கழுவி விட்டா என்ன குத்தம்?"

தாவூது உள்ளே போய்ச் சந்தனக் கட்டையும் கல்லும் எடுத்து வந்து வைத்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சந்தனம் உரைத்தார்கள். கட்டை சின்னது, கைமாற்றிக் கைமாற்றி உரைத்தார்கள். ஒருத்தி பாட்டுப் பாட ஆரம்பித்து, தாவூது முறைத்ததும் நிறுத்தினாள். சுண்ணாம்பு கரைத்து, கைகளுக்கு நடுவிலிருந்த இடமெல்லாம் பளிச்சென்று அடித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாய்ப் போய்க் கை வைத்தாள்.

சாரா கடைசியில் போனாள். நிஜாமுதீன் கை அவள் தோள் உயரத்தில் இருந்தது. அவனுக்குப் பெரிய கை. ஆனால் இத்தனை வருஷம் அவள் கையே மேலே மேலே விழுந்து, சந்தனம் பொருக்குத் தட்டி, ஓரமெல்லாம் சுண்ணாம்பு ஏறி, சுவரில் இப்போது தெரிவது அவள் அளவுக் கைதான். அடியில் அவன் இருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கல் சில்லென்றிருந்தது. வழக்கமாக எடுப்பதைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் எடுத்தாள்.

"போதும்டி, கப்பலே கிளம்பிரும்," என்றாள் பவுனம்மாள் பின்னாலிருந்து.

மறுநாள் ஆபீசர் ஜீப்பில் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனுஷர். வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கூட ஓவர்சியர் அமிர்தராஜ். மேலப்புதூர்ப் பையன், மரியாதை தெரிந்தவன். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சுவர் கல்யாண வீடு மாதிரி மணத்தது.

ஆபீசர் சுவரருகே போய்க் குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரலால் ஒரு கையை லேசாகத் தொட்டார். விரலில் சந்தனம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"இது எப்ப வச்சது?"

"நேத்துங்க," என்றாள் சாரா. சொல்லும்போது பெருமையாக இருந்தது.

"எல்லாமேவா?"

"எல்லாமே நேத்து வச்சதுதாங்க. சுண்ணாம்பும் நேத்து அடிச்சதுதான். ஒரு கையை விடல."

ஆபீசர் அமிர்தராஜைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அமிர்தராஜ் மெதுவாக ஏதோ பதில் சொல்ல, அவர் தலையை ஆட்டி மறுத்தார். "நீங்க நினைக்கிற மாதிரி இல்லீங்க சார், வருஷா வருஷம்..." என்று தாவூது ஆரம்பித்தார். ஆபீசர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல வழக்கம்," என்றார். பிறகு தூண் மறைவில் இருந்த மூலைக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

அங்கே ஒற்றைக் கை ஒன்று இருந்தது. கறுத்து, வெடித்து, விரல்கள் பாதி உதிர்ந்த கை. அந்தப் பக்கம் போகும்போது பெண்கள் குழந்தைகளின் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குச் சந்தனம் வைக்கவும் ஆளில்லை, சுண்ணாம்பு இழுக்கவும் ஆளில்லை. பிளேக் காலத்தில் அந்த வீடே காலியாகிவிட்டது என்று ஒரு பேச்சு. வீட்டு ஆள் இல்லாமல் மற்றவன் தொடக்கூடாதே, அதனால் அப்படியே கிடந்தது.

ஆபீசர் பையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்தார். "இது யாருடையது?"

"தெரியாதுங்க."

"எத்தனை காலமா யாரும் தொடல?"

"எங்க அத்தா காலத்துக்கு முன்னாலேர்ந்துங்க," என்றார் தாவூது. "அது பார்க்க ஆளில்லாத கை. அதை விடுங்க சார், இந்தப் பக்கம் வாங்க."

ஆபீசர் வரவில்லை. மண்டபத்தில் இருந்த நேரமெல்லாம் அந்த மூலையில்தான் இருந்தார்.

மழைக்காலம் கழிந்து தர்கா வாசலில் நீலப்பலகை நட்டார்கள். சேதப்படுத்துகிறவனுக்கு அபராதம், சிறை என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. பவுனம்மாள் யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நல்லா போட்டிருக்கான். இனி எவனாவது சுவருக்கிட்டப் போனா உள்ள போவான்," என்று திருப்திப்பட்டாள்.

அடுத்த வாரம் சாரம் கட்டக் கம்பும் கயிறும் வந்து இறங்கின. மேஸ்திரி தென்னைநார் பிரஷ்களை வாளியில் ஊறப்போட்டான். தாவூது மூச்சிரைக்க சாராவின் வீட்டுக்கு ஓடி வந்தார். சேதி கேட்டு அவள் போட்டது போட்டபடி போனாள்.

அமிர்தராஜ் மண்டபப் படியில் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பார்வையைத் தாழ்த்தினான்.

"தம்பி, கையெல்லாம் கழுவப் போறாங்களாமே?"

"ஆமாம்மா. ஆர்டர் வந்திருக்கு. பிற்காலத்துப் பூச்சுன்னு எழுதியிருக்காங்க. சந்தனமும் சுண்ணாம்பும் கல்லை அரிக்குதாம். எல்லாத்தையும் எடுத்துட்டு நவாபு காலத்துக் கல்லைக் காட்டணுமாம்."

"கல்லைப் பார்க்க யாரு வரப்போறா? மலைக்கோட்டையில இல்லாத கல்லா?"

அவன் சாரக் கம்புகளை எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டான்.

"பழசு இல்லையாமா இது? எங்க மாமியாரோட அத்தா கையும் இந்தச் சுவர்ல இருந்திச்சு, தம்பி."

"இருந்திருக்கும்மா. நீங்கதான் வருஷா வருஷம் புதுசாக்கிட்டீங்களே."

"புதுசாக்காம விட்டா ஆளு செத்துப்போச்சுன்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியும்மா. அவர்கிட்ட சொன்னேன். எங்க கோயில்ல மாதா காலைத் தொட்டுத் தொட்டு விரலே தேய்ஞ்சுபோச்சு, அதை யாரும் சேதம்னு சொல்றதில்ல சார்ன்னேன். அது உங்க கோயில், இது சர்க்கார் சொத்துன்னுட்டார்." அமிர்தராஜ் தலையைச் சொறிந்தான். "அன்னிக்கு மட்டும் அவர் விரல்ல சந்தனம் ஒட்டாம இருந்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சாரா அவனையே பார்த்தாள். மறுபடி கேட்டபோது குரல் இறங்கியிருந்தது. "நாங்க வைக்காம இருந்திருந்தா விட்டிருப்பாரா?"

"அப்படி இல்லம்மா..."

"நான்தான் எல்லாரையும் வைக்கச் சொன்னேன். வழக்கமில்ல, வேணாம்னாரு அண்ணன். நான்தான் கேக்கல."

"நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"அந்த மூலையில ஒண்ணு கிடக்கே, அதையும் கழுவுறாங்களா?"

அமிர்தராஜ் கொஞ்சம் தயங்கினான். "அதை மட்டும் விடச் சொல்லியிருக்காங்க. கண்ணாடி போடப் போறாங்க."

பவுனம்மாளுக்குச் சேதி போய், அவள் வந்து சேர்ந்தபோது வேலை ஆரம்பித்திருந்தது. அவள் கூடையைத் தரையில் வீசி மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனாள். "ஏண்டா, எங்க ரெங்கநாதருக்கு வருஷா வருஷம் தைலக்காப்பு நடக்குது. அங்க வந்து கழுவுடா பார்க்கலாம்! ஆபீசரோட குடுமி மிஞ்சுமாடா? கேக்க ஆளில்லாத இடம்னா வாளியத் தூக்கிட்டு வந்துருவீங்களா?"

"என்னை ஏன் ஆத்தா ஏசுறே? நான் கூலிக்கு வந்தவன்," என்றான் மேஸ்திரி. "அங்க கூப்பிட்டாலும் வருவேன்."

தாவூது மண்டபத்து மூலையில் குந்திக்கொண்டு துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். கூலிக்கு வந்த பெண்கள் அரியமங்கலம் பக்கத்து ஆட்கள். சுவரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாசி தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். மஞ்சள் தண்ணீர் தளக்கல் இடுக்கில் ஓடி, வெளியே சாக்கடையில் விழுந்தது. சந்தெல்லாம் மணத்தது. அழகிரியின் கை இருந்த இடத்தில் பிரஷ் ஏறியபோது பவுனம்மாள் சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சாரா மேஸ்திரியிடம் போனாள். "எனக்கும் ஒரு வாளி குடுங்க."

"ஆளு சரியா இருக்கும்மா."

"கூலி வேணாம். அந்த இடத்தை மட்டும் நான் தேய்ச்சுத் தர்றேன்."

தாவூது எழுந்து வந்தார். "சாரா, நீ ஏம்மா..."

"கண்டவ தேய்க்கிறதுக்கு நான் தேய்க்கிறேன். தள்ளுங்கண்ணே."

அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஏந்தி நிஜாமுதீன் கைமேல் விட்டாள். மேல் சந்தனம் குழைந்து இறங்கியது. கீழே போகப் போகப் பொருக்கு கெட்டியாக இருந்தது. விரல் நுனியால் ஓரத்தைக் கெல்லியதும் ஓடு மாதிரி ஒரு சில் பெயர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது. அதன்பின் இன்னொரு சில். வருஷம் வருஷமாக அவள் வைத்த கைகள் அடுக்கு அடுக்காக உதிர்ந்து கால்மாட்டில் விழுந்தன.

அடிச் சுண்ணாம்பில் பழுப்பு நிறத்தில் ஒரு கறை இருந்தது. கை. அவள் கையைவிடப் பெரிய கை. விரல்கள் நீளம், பெருவிரல் வெளியே விலகி, உள்ளங்கை நடுவில் சந்தனம் படாத குழி. அவசரத்தில் வைத்த கை. ரயிலுக்கு நேரமாகிறது என்று அவன் பறந்துகொண்டிருந்தது அவளுக்கு நினைவு வந்தது.

சாரா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். சுற்றிலும் அவன் கை தெரிந்தது. அவள் விரல்களுக்கு மேலே அவன் விரல்கள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தன. இத்தனை வருஷமாக இதன்மேல்தான் தன் கையை வைத்து வைத்து மூடியிருக்கிறாள்.

"பவுனக்கா," என்றாள். "இங்க வந்து பாருங்க. அவரு."

பவுனம்மாள் வந்து பார்த்தாள். சாராவின் முதுகில் கையை வைத்தாள்.

"ஆச்சாம்மா?" என்று மேஸ்திரி எட்டிப் பார்த்தான். "அந்தச் சுண்ணாம்பையும் எடுத்தாகணும். கல்லு தெரியணும்ல." அவன் கையில் தகட்டுக் கரண்டி இருந்தது.

"கொஞ்ச நேரம் இருங்க."

அவன் கொஞ்ச நேரம் இருந்தான். கெட்டவன் இல்லை, பீடி ஒன்றைப் பற்றவைத்து முக்கால்வாசி குடிக்கும்வரை இருந்தான். அப்புறம், "சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்மா," என்றான். அவள் விலகினாள். தகடு கல்லில் உரசும் சத்தம் பல்லைக் கூச வைத்தது. சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. உள்ளே இருந்தது கல். உளிக் கொத்து தெரிகிற வெறும் கல்.

அந்த வாரக் கடைசியில் தாஜுதீன் ஒர்க்‌ஷாப் விட்டு வந்து சைக்கிளைக்கூட நிறுத்தாமல் அதைப் பிடித்தபடியே பேசினான். "நடந்தது நடந்துபோச்சு அண்ணி. இனிமே சுவர்ல என்ன இருக்கு? வெள்ளிக்கிழமை ஹஜ்ரத்தை வரச் சொல்றேன். பாத்திஹா ஓதிட்டு, கழுத்துல இருக்கிறதை..."

"சுண்ணாம்பு இழுத்தேனா நான்?"

"கைதான் போயிருச்சே."

"கழுவினது தண்ணி. அழிச்சது சர்க்காரு. சர்க்காருக்கு எங்க வீட்டு ஆளு மௌத்தானது எப்படித் தெரியும்? அவங்க பாத்திஹா ஓதட்டும்."

தாஜுதீன் மணியைச் சும்மா இரண்டு தடவை அடித்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் தெருவில் பேசிக்கொண்டார்கள். கல்யாண வீடுகளில் மஞ்சள் அரைக்கக் கூப்பிடும்போது சாராவிடம் வந்து கொஞ்சம் தயங்கி நின்றார்கள். வாழ்கிறவளா, அறுத்தவளா என்று அவர்களால் முடிவுக்கு வர முடியவில்லை. முன்பெல்லாம் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மண்டபத்தைப் பெருக்க ஒரு ஆள் வேண்டும் என்று சர்க்காரில் கேட்டபோது அமிர்தராஜ் சாராவின் பேரைச் சொன்னான். ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்கு இருந்திருக்கும். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருக்குவது, தண்ணீர் தெளிப்பது, மூலையில் பித்தளைச் சட்டம் போட்டு மாட்டிய கண்ணாடியைத் தினமும் துடைப்பது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கறுத்த கை இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பலகை: தொடாதீர்கள். அந்த மூலையை மட்டும் விட்டு, சுத்தமான தெற்குச் சுவருக்கு முன்னால் கயிறு கட்டியிருந்தார்கள்.

கந்தூரி வந்தது. கொடி ஏற்றவும் சந்தனக்கூடு வரவும் கேட்டு எழுதிப்போட்டு, கடைசி நேரத்தில் அனுமதி கிடைத்தது. கயிற்றைத் தாண்டக் கூடாது என்று ஒரு நிபந்தனை. கூடு ராத்திரி வந்து போயிற்று. விடிந்ததும் பெண்கள் வழக்கம்போல மிச்சச் சந்தனத்துக்கு வந்தார்கள். தாவூது கிண்ணத்தை நீட்டினார். வாங்கிக் கையை நனைத்துக்கொண்டார்கள். நனைத்த கையைத் தூக்கிப் பிடித்தபடி கயிற்றோரம் நின்றார்கள். சர்க்கார் வைத்த காவலாளி குறுக்கே நின்றிருந்தான். சந்தனம் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஒழுகியது. துடைக்கவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை.

பவுனம்மாள்தான் முதலில் நகர்ந்தாள். நேராக மூலைக்குப் போனாள்.

"ஆத்தா, அது வேணாம்," என்றார் தாவூது பதறி. "அது பார்க்க ஆளில்லாத கை. நல்லதுக்கில்ல."

"இப்ப யாரு கைக்குப் பார்க்க ஆளு இருக்கு? இதையும் ஒருத்தி பெத்துத்தானே அனுப்பியிருப்பா," என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியில் கையை வைத்தாள். "டேய் அழகிரி, இதுல வச்சிருக்கேன். இந்த வருஷம் இங்க தேடிக்க."

காவலாளி ஓடி வருவதற்குள் இன்னொருத்தி வைத்தாள். அவன் ஒருத்தியின் தோளைப் பிடிக்க யோசித்து நிற்கும்போதே எல்லோரும் வைத்துவிட்டார்கள். கண்ணாடி முழுக்க மஞ்சள் கைகள், ஒன்றன்மேல் ஒன்று. உள்ளே இருந்த கை மறைந்துபோயிற்று.

"நீ வைக்கலையாடி?" என்றாள் பவுனம்மாள்.

சாரா கிண்ணத்தைப் பார்த்தாள். விரல்களை மட்டும் தோய்த்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் இடம் தேடினாள். கீழ் ஓரத்தில் ஒரு கை வைக்கிற அளவுக்கு இடம் இருந்தது. அங்கே கை வைத்தாள். கல் மாதிரி இல்லை; கண்ணாடி வெதுவெதுப்பாக, வழுக்கிக்கொண்டு இருந்தது.

வெளியே ஜீப் சத்தம் கேட்டது. படம் எடுத்துப் புத்தகம் போடுவதற்காக மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். காவலாளி வெலவெலத்துப்போனான். பெண்களை வாசல் பக்கம் ஒதுக்கிவிட்டு, வாளியையும் துணியையும் கொண்டுவந்து சாராவின் முன்னால் வைத்தான்.

"சீக்கிரம் தொடைம்மா. என் வேலையும் போகும், உன் வேலையும் போகும்."

அவள் பவுனம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். பவுனம்மாள் வாசலில் நின்றபடி, "தொடைடி. உன் பொழப்பு," என்றாள். குரலில் கோபம் இல்லை.

சாரா துணியை நனைத்தாள். மேலிருந்து ஆரம்பித்தாள். கைகள் குழைந்து ஒன்றோடொன்று கலந்து வழிந்தன. துணியைப் பிழிந்து பிழிந்து துடைத்தாள். கடைசியாகக் கீழ் ஓரத்தைத் துடைத்தாள். ஈரம் போக முந்தானையால் ஒருமுறை ஒற்றி எடுத்ததும், உள்ளே இருந்த கறுத்த கை முன்னைவிடத் துலக்கமாகத் தெரிந்தது.

படம் எடுக்கிறவர் முக்காலியை விரித்து, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். உள்ளிருந்தே கையை ஆட்டினார்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா. மறைக்குது."

சாரா பின்னால் நகர்ந்து, வெறும் கல்சுவரோரம் போய் நின்றாள். கையிலிருந்த துணியிலிருந்து மஞ்சளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.